திறப்பு விழாவுக்கும் விபத்துக்கும் நடுவில்

பொம்மனஹள்ளியில் ஒசூர் சாலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்டில். ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர், பதினாறு நிலையங்கள், ஓட்டுநர் இல்லாமலே ஓடும்படி வடிவமைத்த ரயில்கள். பல மாதங்களாகத் தூண்களும் நிலையங்களும் தயாராகவே நின்றன. சில்க் போர்டு சந்திப்பில் அன்றாடம் சிக்கிக்கிடந்த மக்கள் பொறுமையிழந்தார்கள். பாதையை உடனே திறக்கச் சொல்லி அரசியல்வாதிகள் போராட்டம்கூட நடத்தினார்கள். ஆனாலும் மெட்ரோ நிறுவனத்தால் தன் இஷ்டத்துக்கு ஒரு பயணியைக்கூட ஏற்ற முடியவில்லை. அந்த நிறுவனத்தைச் சேராத ஒருவர், மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர், ஜூலைக் கடைசியில் வந்து பாதையையும் சிக்னலையும் பெட்டிகளையும் சோதித்து, எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகுதான் நிலையக் கதவு திறந்தது. அப்போதும் மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று. சிக்னல் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இந்தத் தாமதத்தைப் பற்றிப் புகார் இல்லை. ரயிலை ஓட்டுகிறவர் வேறு, ஓட்டலாம் என்று சொல்கிறவர் வேறு என்ற ஏற்பாடு அங்கே வேலை செய்தது. என் கவலையெல்லாம் அந்த அனுமதிக் கடிதத்துக்கு மறுநாளிலிருந்து என்ன நடக்கிறது என்பதுதான். மெட்ரோவைவிட, இங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டரில் பெல்லந்தூர் ரோடு, கார்மேலாரம், ஹீலலிகே என்று சேலம் நோக்கிப் போகும் பழைய ரயில்பாதையில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது.

ரயில் பாதுகாப்பு ஆணையர்கள் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார்கள் என்றால், தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதில்லை, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து ரயில்வே ஆய்வாளர்கள் 1905-இல் ரயில்வே வாரியம் உருவானபோது அந்த வாரியத்தின் கீழேயே வைக்கப்பட்டார்கள். ஓட்டுகிறவருக்குக் கீழே சோதிக்கிறவர் இருக்கலாகாது என்பதை 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 1937-இல் பீஹாரில் பிஹ்டா விபத்து நடந்தது. அதன் பின்னணியில் பசிபிக் வகை எஞ்சின்களை ஆராய அமைந்த குழு, பிரிட்டனின் தலைமை ஆய்வு அதிகாரி மவுண்ட் தலைமையில், 1939-இல் இதே குறையைச் சுட்டியது. கடைசியில் 1941 மே மாதம் ஆய்வாளர்களைப் பிரித்து அன்றைய அஞ்சல், விமானத் துறையின் கீழே கொண்டுபோனார்கள். 1961-இல் பெயர் ரயில் பாதுகாப்பு ஆணையம் என்று மாறியது. தலைமை ஆணையர் லக்னோவில் இருக்கிறார், தென்வட்டத்தின் அலுவலகம் நம் பெங்களூரில். ஆக, சுயேச்சையான மேற்பார்வை என்ற கருத்து நேற்று வெளிநாட்டிலிருந்து இறக்குமதி ஆனதில்லை. எண்பது வருஷத்துக்கு மேலாக அது நம் சட்டத்தில் இருக்கிறது. அமைச்சகத்தை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நிறுத்திவிட்டதுதான் பிரச்சினை.

1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தைப் படித்தால் ஆணையரின் அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெளிவாகத் தெரியும். புதிய பாதையில் பயணிகள் ரயில் ஓடுமுன் அவர் ஆய்வுசெய்ய வேண்டும். பெரிய விபத்து நடந்தால் அவர் விசாரிக்க வேண்டும். இந்த இரண்டிலும் அவருக்குப் பலம் உண்டு. இடைப்பட்ட காலத்தில் அவர் எப்போது ஆய்வுசெய்யலாம் என்றால், மத்திய அரசு பணிக்கும்போது. ஓடிக்கொண்டிருக்கும் பாதையோ வண்டியோ மக்களுக்கு ஆபத்து என்று அவருக்குத் தோன்றினால்? மத்திய அரசுக்கு அறிக்கை அனுப்பலாம்; மூடுவதா, கட்டுப்பாட்டோடு ஓட்டுவதா என்பதை அரசு முடிவுசெய்யும். விதிகளை எழுதுவது ரயில்வே வாரியம். கருவிகளின் தரத்தை வகுப்பது லக்னோவிலுள்ள ஆர்.டி.எஸ்.ஓ., அதுவும் ரயில்வேயின் அமைப்பே. பராமரிப்பு சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது அந்தந்த மண்டலம். எந்த நிகழ்வை விபத்துக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்பதும் ரயில்வேயின் வகைப்பாடு. ஆணையரின் விசாரணை அறிக்கைகூடப் பரிந்துரைதான்; ஏற்பதும் ஏற்காததும் வாரியத்தின் கையில். மெட்ரோவிலும் இடைவெளி உண்டு, ஆனால் அது வேறு முனையில். 2023 ஜனவரி 10-ஆம் தேதி பெங்களூர் நாகவாரா அருகே கட்டுமானத்தில் இருந்த தூணின் கம்பிக்கூடு சாய்ந்து சாலையில் போன தாயும் குழந்தையும் இறந்தார்கள். அது ரயில் ஓடும் பாதை ஆவதற்கு முந்தைய கட்டம் என்பதால் பாதுகாப்பு ஆணையரின் வழக்கமான வேலைக்குள் வரவில்லை.

அனுமதிக்கும் விபத்துக்கும் இடைப்பட்ட இந்த நடுக்காலத்தில்தான் விபத்துகள் உருவாகின்றன என்பதைச் சொல்ல எங்கள் கர்நாடகத்திலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது. 2023 பிப்ரவரி 8-ஆம் தேதி, மைசூர் கோட்டத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில், டெல்லி நோக்கிப் போன சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸ் புறப்பட்ட பிறகு, பாயிண்ட் தவறான பாதைக்குத் திரும்பியிருப்பதை லோகோ பைலட் கவனித்து நிறுத்திவிட்டார். யாருக்கும் காயமில்லை. மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் மூத்த அதிகாரி ஒருவர் எழுதிய கடிதம், நிலைய மாஸ்டரின் பேனல் ஒன்றைக் காட்ட, தரையில் பாயிண்ட் வேறொன்றாக இருக்க முடிகிறது என்றால் அது இன்டர்லாக்கிங்கின் அடிப்படைக் கொள்கைக்கே முரண் என்று எச்சரித்தது. இன்டர்லாக்கிங் என்றால் என்ன என்று விளக்க அதிக வார்த்தை வேண்டாம். பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பிப் பூட்டியிருக்கிறதோ அந்தப் பாதைக்கு மட்டுமே சிக்னல் விழும். வேறெதற்கும் விழவே விழாது. மனிதன் தவறு செய்தாலும் கம்பியும் ரிலேயும் தவறு செய்யக்கூடாது என்பதற்காகத்தான் அது இருக்கிறது. தண்டவாளத்தோரம் இருக்கும் லொகேஷன் பாக்ஸில் கம்பியை மாற்றிக் கொடுத்து அந்தப் பூட்டை ஏமாற்ற முடிகிறது என்றால், மேலே விளக்கு பச்சையா சிவப்பா என்பதற்கே அர்த்தம் போய்விடுகிறது. நாலு மாதத்துக்குள், ஜூன் 2-ஆம் தேதி, ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் பச்சை விழுந்திருந்தது, பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. லூப்பில் நின்ற இரும்புத்தாது வண்டியில் மோதியதில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஹொசதுர்காவும் பாஹாநகாவும் ஒரே காரணத்தால் நடந்தவை என்று நான் சொல்லவரவில்லை. இடம் வேறு, வேலை செய்த கைகள் வேறு. பாஹாநகாவில் லெவல் கிராசிங் கேட்டுக்கான மின்தடுப்பை மாற்றும் வேலையின்போதும், அதற்குப் பல வருஷங்கள் முன்பும் சிக்னல் சுற்றில் செய்த மாற்றங்களில் குறை இருந்தது என்று ஆணையரின் விசாரணை கண்டது. அதே அறிக்கையில் இன்னொரு வரி உண்டு, என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் உறுத்துகிறது. 2022 மே 16-ஆம் தேதி, அதே கரக்பூர் கோட்டத்தின் பாங்க்ரா நயாபாஜ் நிலையத்தில், தவறான வயரிங்கால் இதே மாதிரி ஒரு நிகழ்வு நடந்திருக்கிறது. அப்போதே சரிசெய்திருந்தால் பாஹாநகா நடந்திருக்காது என்பது ஆணையரின் முடிவு. ஒரு வருஷத்துக்கு முன் ஓர் எச்சரிக்கை, நாலு மாதத்துக்கு முன் வேறு மண்டலத்தில் இன்னொன்று. 2023 ஏப்ரலில் ரயில்வே வாரியமே மண்டலங்களுக்கு எழுதிய கடிதத்தில், சரியாகச் சோதிக்காமல் சிக்னல் கருவிகளை மீண்டும் இணைப்பது பற்றி எச்சரித்திருந்தது. எல்லாம் காகிதத்தில் இருந்தன. எல்லாம் ஒரே வீட்டுக்குள் சுற்றின. வெளியிலிருந்து ஒருவர் வந்து, நாடு முழுக்க இதுபோன்ற லொகேஷன் பாக்ஸ்களை எத்தனை நாளில் சோதிப்பீர்கள், தேதி சொல்லுங்கள் என்று கேட்கும் உரிமை யாருக்கும் சட்டத்தில் இல்லை. ஹொசதுர்கா கடிதம் பொதுமக்கள் காதுக்கு வந்ததே பாஹாநகா இருக்கும் பாலசோர் மாவட்டத்தில் பிணங்களை எண்ணிய பிறகுதான்.

எச்சரிக்கைகள் ஏன் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று கேட்டால், கெட்ட எண்ணத்தைத் தேட வேண்டியதில்லை, வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் போதும். ஒரு பாயிண்ட் மோட்டார் பழுதானால் சிக்னல் மெயின்டெய்னர் நிலைய மாஸ்டரிடம் டிஸ்கனெக்ஷன் மெமோ கொடுத்து, அவர் கையெழுத்து போட்ட பிறகு கருவியைப் பிரிக்க வேண்டும். அந்த நேரத்தில் ரயில்களை மெதுவாக, கையால் பாயிண்டைப் பூட்டி அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு பாதையையும் சோதித்துப் பார்த்து, ரீகனெக்ஷன் மெமோ கொடுக்க வேண்டும். இதற்கு மணிக்கணக்கு ஆகும். அந்த மணிக்கணக்கு முழுவதும் கண்ட்ரோல் அறையிலிருந்து தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கும். எத்தனை நிமிடம் தாமதம், யார் கணக்கில் அந்தத் தாமதம் என்ற கேள்வி ஒவ்வொரு அழைப்பிலும் இருக்கும். தாமதத்துக்கு அன்று மாலையே விளக்கம் கேட்பார்கள். குறுக்குவழியில் இணைத்ததற்கு, விபத்து நடக்காதவரை, யாரும் கேட்க மாட்டார்கள். நேரத்துக்கு ரயில் ஓட்டுவதும் பாதுகாப்பாக ஓட்டுவதும் ஒரே மேலாளரின் பொறுப்பாக இருக்கையில், அன்றாடம் அளக்கப்படும் பொறுப்பே ஜெயிக்கும். இது ரயில்வேக்கு மட்டும் உரிய குணம் இல்லை, எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும்.

லண்டனில் 1999 அக்டோபர் 5-ஆம் தேதி லாட்ப்ரோக் குரோவில் 31 பேர் இறந்த விபத்தில், ஒரு ரயில் எஸ்.என்.109 என்ற சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போயிருந்தது. அதற்கு முந்தைய ஆறு வருஷங்களில் அதே சிக்னலை எட்டு முறை வேறு ரயில்கள் தாண்டியிருந்தன. எட்டும் பதிவேட்டில் இருந்தன. அங்கே ரயில்வே ஆய்வாளர் துறை 1840-லிருந்தே இருந்தது என்பதை எதிர்த்தரப்பு மறக்காமல் சுட்டிக்காட்டும், காட்டட்டும். கல்லன் பிரபு நடத்திய விசாரணைக்குப் பிறகு அவர்கள் செய்தது, வெறும் ஆய்வாளர் துறை போதாது என்று ஒப்புக்கொண்டதுதான். விபத்துகளைப் புலனாய்வதற்கு மட்டுமே 2005-இல் ஒரு தனிக்கிளையைத் தொடங்கினார்கள். பாதுகாப்பு ஒழுங்குமுறையை 2006-இல் ரயில் ஒழுங்குமுறை அலுவலகத்துக்குக் கொடுத்தார்கள். புலனாய்வுக் கிளை தண்டிப்பதில்லை, யார் மீதும் பழி சுமத்துவதில்லை. அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒழுங்குமுறை அலுவலகத்துக்கோ, குறையைத் திருத்தச் சொல்லியும் ஆபத்தான வேலையை நிறுத்தச் சொல்லியும் நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் உண்டு. ஆஸ்திரேலியா மாநிலவாரியாகச் சிதறிக்கிடந்த ஒழுங்குமுறையை ஒன்றாக்கி 2013 ஜனவரியில் தேசிய ரயில் பாதுகாப்பு ஒழுங்காற்று அலுவலகத்தை அடிலெய்டில் தொடங்கியது. தென்னாப்பிரிக்கா 2002-லேயே இதற்கெனச் சட்டம் இயற்றியது. பணக்கார நாடுகளின் ஆடம்பரம் இது என்று சொல்கிறவர்கள் அந்தக் கடைசி உதாரணத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டுகிறவரே முதல் தீர்ப்பும் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூன் 17-ஆம் தேதி ஒரு நல்ல சாட்சி. மேற்கு வங்கத்தில் ரங்காபானி அருகே நின்ற காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் சரக்கு ரயில் மோதியது. சில மணி நேரத்துக்குள் மேலிடத்திலிருந்து வந்த முதல் விளக்கம், சரக்கு ரயிலின் லோகோ பைலட் சிக்னலை மதிக்கவில்லை என்பது. அவர் அந்த விபத்திலேயே இறந்துபோயிருந்தார், பதில் சொல்ல ஆளில்லை. பின்னால் வந்த ஆணையரின் விசாரணை வேறு சித்திரத்தைக் காட்டியது. காலையிலிருந்தே தானியங்கி சிக்னல்கள் பழுது. சிவப்பைத் தாண்டிப் போக அனுமதிக்கும் தாளைத் தவறான படிவத்தில் கொடுத்திருக்கிறார்கள், அதில் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்றே இல்லை. அன்று அந்தப் பகுதியில் போன ரயில்களில் காஞ்சன்ஜங்கா மட்டுமே குறைந்த வேக விதியைக் கடைப்பிடித்தது, மற்றவை கடைப்பிடிக்கவில்லை. அதாவது அந்த ஒரு பைலட் தனியாகச் செய்த தவறு இல்லை. விதி என்ன என்பதே ஊழியர்களுக்குச் சரியாகப் போய்ச் சேராத இடம் அது. ஆணையர் என்ற ஒருவர் இல்லாவிட்டால் இறந்தவர் மேல் கோப்பை மூடியிருப்பார்கள். இருக்கிற சிறிய சுயேச்சையே இவ்வளவு பயன் தருகிறது என்பதால்தான், அதை நடுக்காலத்துக்கும் நீட்ட வேண்டும் என்கிறேன்.

விதி எழுதுவது யார் என்பதற்கு, தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஆறாத உதாரணம் செம்மங்குப்பம். 2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூர் அருகே அந்த லெவல் கிராசிங்கில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது இன்டர்லாக் செய்யப்படாத கேட். கேட் கீப்பர் தொலைபேசியில் பிரைவேட் நம்பர் கொடுத்து, மூடிவிட்டேன் என்று சொன்னால் அதை நம்பி சிக்னல் விழும். கேட் உண்மையில் மூடியிருக்கிறதா என்பது சிக்னலுக்குத் தெரியாது. எத்தனை வண்டிகள் கடந்தால் கேட்டை இன்டர்லாக் செய்ய வேண்டும் என்பதற்கு ரயில் எண்ணிக்கையையும் சாலை வண்டி எண்ணிக்கையையும் பெருக்கி ஓர் அளவு வைத்திருந்தார்கள், இருபதாயிரம் என்று. விபத்து நடந்த அந்த வாரத்திலேயே அதைப் பத்தாயிரமாகக் குறைப்பதாக ரயில்வே அறிவித்தது. நல்ல முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று நாளில் குறைக்க முடிந்த எண்ணை முப்பது நாள் முன்பு குறைக்க எது தடுத்தது? எந்தப் பொறியியல் கணக்கில் இருபதாயிரம் வந்தது, எந்தக் கணக்கில் பத்தாயிரம் ஆனது? அதைச் செலவு செய்ய வேண்டிய நிறுவனமே நிர்ணயிக்கிறது, அதன் காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வெளியே ஓர் ஒழுங்காற்று அமைப்பு இருந்தால் அந்த எண்ணை அது நிர்ணயிக்கும், வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும், கேட் கீப்பரும் பள்ளி வேன் ஓட்டுகிறவரும்கூட எழுதிப் போடலாம்.

மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவதும் வலுவானதும் புள்ளிவிவரம். ரயில்வேயின் கணக்குப்படி பெரும் விளைவு உண்டாக்கிய விபத்துகள் 2000-01-இல் 473. அது 2014-15-இல் 135 ஆகவும், 2024-25-இல் 31 ஆகவும் குறைந்திருக்கிறது. அகலப்பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங்குகளை முழுக்க ஒழித்ததும், பழைய பெட்டிகளுக்குப் பதில் எல்.ஹெச்.பி. பெட்டிகள் வந்ததும், தண்டவாளம் புதுப்பித்ததும் இதில் உண்டு. இதைச் செய்தவர்களுக்கு உரிய பாராட்டைக் கொடுத்தே ஆகவேண்டும். பின் எதற்குப் புது அமைப்பு? எண்ணிக்கை இவ்வளவு குறைந்த பிறகுதான் அது மேலும் தேவைப்படுகிறது என்பது என் பதில். வருஷத்துக்கு 473 விபத்து நடக்கையில் எங்கே ஓட்டை என்பதை விபத்தே சொல்லிவிடும். 31 நடக்கையில், அடுத்தது எங்கே என்பதை ஹொசதுர்கா போன்ற தப்பித்தல்கள்தான் சொல்லும். அவற்றைப் பதிவுசெய்பவரும் வகைப்படுத்துபவரும் அதனால் தலைகுனிய வேண்டியவரும் ஒருவரே என்றால், அந்தப் பதிவை எவ்வளவு தூரம் நம்புவது? மேலும், அந்த 31-க்குள் வராதவர்களும் இருக்கிறார்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டு வருஷத்துக்குச் சுமார் 15,000 பேர் சாவதைச் சொல்லி, எந்த நாகரிக சமூகமும் ஏற்கமுடியாத படுகொலை என்று ரயில் பாதுகாப்பை ஆராய அமைந்த அனில் ககோட்கர் குழு 2012-இல் எழுதியது. அத்துமீறி நுழைந்தவர்கள் என்ற தலைப்பின் கீழே போனதும் அவர்கள் ரயில்வேயின் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள். நடைமேம்பாலம் இல்லாத இடத்தில் கடக்கிறவரை அத்துமீறுபவர் என்பதா, வழியில்லாதவர் என்பதா என்பதை வெளியாள் ஒருவர் தீர்மானிப்பது நல்லது.

இரண்டாவது மறுப்பு, பணம் இல்லாதபோது ஒழுங்குபடுத்தி என்ன பயன் என்பது. பணம் ஓரளவு ஒதுக்கத்தான் செய்தார்கள். 2017-18-இல் ஐந்து வருஷத்துக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று ராஷ்ட்ரிய ரயில் சன்ரக்ஷா கோஷ் என்ற நிதியைத் தொடங்கினார்கள். முதல் நாலு வருஷங்களில் ரயில்வே தன் சொந்த வருமானத்திலிருந்து போட வேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடி போடவில்லை என்றும், முன்னுரிமை இல்லாத செலவுகளுக்கும் அந்த நிதி போனது என்றும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2022-இல் நாடாளுமன்றத்துக்குச் சொன்னார். அதே அறிக்கை ஆராய்ந்த காலத்தில் நடந்த 217 பெரும் விபத்துகளில் 163 தடம்புரள்வுகள்; தண்டவாளத்தை அளக்கும் டிராக் ரெக்கார்டிங் கார் ஆய்வுகளிலோ 30 முதல் 100 சதவீதம் வரை குறை. ரயில்கள் மோதாமல் தடுக்கும் கவச் அமைப்பின் கதையும் இதுதான். ககோட்கர் குழு 19,000 கிலோமீட்டருக்கு நவீன சிக்னல் கட்டுப்பாட்டை ஐந்தே வருஷத்தில் போடச் சொன்னது. பன்னிரண்டு வருஷம் கழித்தும் கவச் ஓடிக்கொண்டிருந்தது சுமார் 1,465 கிலோமீட்டரில், 144 எஞ்சின்களில். கணக்குத் தணிக்கையாளர் கேள்வி கேட்கலாம், அதுவும் செலவு முடிந்த பிறகு. நடுவிலேயே நிறுத்தி, இந்தப் பாதையில் அளவு எடுக்காமல் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டாதே என்று சொல்ல அவரால் முடியாது.

அரசு அமைப்பு இன்னொரு அரசு அமைப்புக்கு அபராதம் போட்டால் பணம் ஒரு சட்டைப்பையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், அவ்வளவுதானே என்று கேட்பார்கள். சரியான கேள்வி. ஆனால் ரயில் தொழிலில் அபராதத்தைவிட வலுவான ஆயுதம் வேகக் கட்டுப்பாடு. ஒரு பகுதியில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று காஷன் ஆர்டர் விழுந்துவிட்டால் பொது மேலாளர் முதல் கேங்மேன் வரை எல்லோருக்கும் அதை நீக்கும் அவசரம் வந்துவிடும். இன்று அதைப் போடுகிறவரும் நீக்குகிறவரும் ரயில்வேதான். போடுவதும் நீக்குவதும், பாதுகாப்புக் காரணங்களுக்காவது, வெளி அமைப்பிடம் இருந்தால் போதும், அபராதமே தேவையில்லை. அதோடு காரணத்தை வெளியிட வேண்டும். எந்தப் பகுதி, என்ன குறை, எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று ஊர்மக்கள் பார்க்கும்படி.

ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரிகளுக்கு இன்னொரு இருக்கை உண்டாக்கும் திட்டம் இது என்ற கிண்டலை என்னால் முழுக்கத் தள்ள முடியவில்லை. இன்றைய ஆணையர்களும் ரயில்வேயிலிருந்துதான் வருகிறார்கள். ரயிலைத் தெரிந்தவர் வேண்டும், ரயில்வேயைச் சார்ந்தவர் வேண்டாம் என்பது எளிதில் தீராத முடிச்சு. மெட்ரோக்கள், தனியார் சிக்னல் நிறுவனங்கள், விமானத்துறை, அணுசக்தித்துறை, பல்கலைக்கழகங்கள் என்று வெவ்வேறு இடங்களிலிருந்து ஆட்களை எடுப்பது, உறுப்பினர் பதவி முடிந்தபின் ரயில்வேயிலும் அதன் ஒப்பந்த நிறுவனங்களிலும் சேரத் தடை, ரயில்வே அமைச்சகத்தின் கையில் இல்லாத தனி நிதி என்று வழிகள் இருக்கின்றன. எல்லா ஓட்டையையும் அடைக்க முடியாது. பெயருக்கு மட்டும் ஓர் ஆணையத்தை வைத்து அதில் வழக்கமானவர்களை உட்காரவைத்தால் இன்றைய ஆணையரே மேல் என்பேன்.

இன்னொரு பிரிவினையும் தேவை, அதைப் பலரும் பேசுவதில்லை. புதுப்பாதைக்கு அனுமதி கொடுத்த ஆணையரே நாளை அதே பாதையில் நடக்கும் விபத்தையும் விசாரிக்கிறார். தன் அனுமதியில் குறை இருந்ததா என்று தானே எழுத வேண்டிய நிலை. இது தேர்வெழுதிய மாணவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பது போன்றது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். இதே விமானப் போக்குவரத்து அமைச்சகம் விமானத்துக்கு என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். ஒழுங்குபடுத்த டி.ஜி.சி.ஏ., விபத்தை ஆராய 2012-லிருந்து தனியாக விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம். 2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாதில் ஏர் இந்தியா விமானம் விழுந்தபோது, ஒரு மாதத்தில் முதற்கட்ட அறிக்கை பொதுவெளிக்கு வந்தது. அதைப் பற்றி ஆயிரம் சர்ச்சை இருக்கட்டும், படிக்கவாவது ஓர் ஆவணம் இருக்கிறது. அதே அமைச்சகத்தின் கீழிருக்கும் ரயில் விசாரணை அறிக்கைகள் முழுமையாக மக்கள் பார்வைக்கு வருவது வழக்கமில்லை. பாஹாநகா அறிக்கையின் சாரத்தையே அரசு அதிகாரபூர்வமாகச் சொன்னது நாடாளுமன்றத்தில் அமைச்சரின் பதில் வழியாகத்தான். ஆணையரின் விசாரணை முடியுமுன்பே அங்கே சி.பி.ஐ.யும் நுழைந்தது. குற்றவழக்கு வேண்டாம் என்பதில்லை. ஆனால் கையில் விலங்கு விழும் என்று பயப்படும் மெயின்டெய்னர் என்ன கம்பியை எதற்காக மாற்றினேன் என்று வாய்திறக்க மாட்டார், அவர் சொல்லாவிட்டால் அடுத்த நிலையத்தில் இருக்கும் அதே கம்பியை யாரும் கண்டுபிடிக்க முடியாது. புலனாய்வில் சொன்னதை நீதிமன்றத்தில் அவருக்கெதிராகப் பயன்படுத்தக்கூடாது என்ற பாதுகாப்பைச் சட்டம்தான் கொடுக்க முடியும்.

1956 நவம்பரில் அரியலூரில் பாலம் உடைந்து ரயில் கவிழ்ந்தபோது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இன்றும் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அதை நினைவூட்டி அமைச்சரின் ராஜினாமாவைக் கேட்கிறோம். சாஸ்திரியின் நேர்மையில் எனக்கு மரியாதை உண்டு. ராஜினாமாவால் பாலத்தின் அடித்தளத்தைச் சோதிக்கும் முறை மாறாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேட்க வேண்டியதை ககோட்கர் குழு 2012 பிப்ரவரியில் எழுதிக் கொடுத்துவிட்டது: விதி எழுதுவது, ஓட்டுவது, கண்காணிப்பது மூன்றும் ரயில்வே வாரியத்திடமே இருக்கின்றன, தனியாக ஒரு ரயில்வே பாதுகாப்பு ஆணையத்தைச் சட்டப்படி அமையுங்கள் என்று. அடுத்த மாதமே, மார்ச் 14-ஆம் தேதி ரயில்வே பட்ஜெட்டில் அன்றைய ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி அதை ஏற்பதாக அறிவித்தார். கட்டணத்தை உயர்த்தியதற்காக அவர் கட்சியே அவரைப் பதவியிலிருந்து இறக்கியது, அறிவிப்பும் அவரோடு போனது. 2015-இல் பிபேக் தேப்ராய் குழு சுயேச்சையான ஒழுங்காற்று அமைப்பைப் பரிந்துரைத்தது. 2017-இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ரயில் வளர்ச்சி ஆணையமோ கட்டணத்தையும் போட்டியையும் பார்ப்பதற்கானது, பாதுகாப்புக்கு இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் பின்பு ஒரு வாய்ப்பு வந்தது. 1905-ஆம் ஆண்டின் ரயில்வே வாரியச் சட்டத்தை 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இணைக்கும் திருத்த மசோதா 2024 டிசம்பரில் மக்களவையிலும் 2025 மார்ச்சில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வாரியத்தின் அமைப்பைச் சட்டத்தில் மறுபடி எழுதும் நேரம் அது. ஒழுங்காற்று அமைப்பு எங்கே என்று அவையில் உறுப்பினர்கள் கேட்கவும் செய்தார்கள். அதற்கான பிரிவு சட்டத்தில் இடம்பெறவில்லை. பொம்மசந்திரா மெட்ரோ பாதையைத் திறக்கச் சொல்லித் தெருவில் இறங்கத் தெரிந்த பெங்களூர்த் தெற்கு வாக்காளர்கள், பொம்மனஹள்ளிக்காரர்கள் உட்பட, அடுத்த முறை தங்கள் மக்களவை உறுப்பினரைப் பார்க்கும்போது ரயில் எப்போது வரும் என்ற கேள்வியோடு இந்தப் பிரிவு எப்போது வரும் என்பதையும் கேட்க வேண்டும். வாரியத்திடமிருந்து பிரித்தெடுத்த விதி எழுதும் அதிகாரம், ஓடும் பாதையில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் அதிகாரம், தப்பித்தல்களைக் கேட்டு வாங்கி வெளியிடும் அதிகாரம் என்ற மூன்றும் அந்தப் பிரிவில் இருக்கின்றனவா என்று படித்தும் பார்க்க வேண்டும்.